மீதி இரண்டு யூனிட்

ரீடிங் எடுக்க வந்தவர் கைமெஷினிலிருந்து கிர்ரென்று கிழித்துக் கொடுத்த சீட்டைப் பார்த்ததும் தையல்காரி அதை இரண்டாம் முறை படித்தாள். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு யூனிட். போன தடவை முந்நூற்று ஐம்பது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் இந்த ஒரு சாண் காகிதத்துக்குப் பயப்படுகிற மாதிரி அவள் கட்டிய கணவனுக்குக்கூடப் பயந்ததில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மணி அடித்தால் தண்ணீர், மணி அடித்தால் சாப்பாடு என்று பதினோரு வருடம் ஆயத்த ஆடைக் கம்பெனியில் குப்பை கொட்டியவள் அவள். சேர்த்த காசில் மோட்டார் வைத்த பவர் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்க ஆரம்பித்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. வேன் ஓட்டும் அவள் கணவன் நல்லவன்தான், ஆனால் சீட்டு வருகிற நாளெல்லாம் அந்த மெஷினை ஒரு பார்வை பார்ப்பான். போன தடவை வாய்விட்டே சொல்லிவிட்டான். "நானூறைத் தாண்டுச்சுன்னா ரேட்டே ஏறிடும். நீ தைக்கிறதெல்லாம் கரண்டுக்கே போச்சுன்னா எதுக்கு இந்தப் பாடு? மெஷினை வித்துட்டுக் கம்பெனிக்கே போயிடு."

இப்போது தாண்டிவிட்டது. சும்மா இல்லை, கிட்டத்தட்ட நூறு தாண்டியிருந்தது.

"சார், இந்த மீட்டர் கொஞ்சம் வேகமா ஓடுதோ?" என்று கேட்டாள்.

"மீட்டர் மேல பழி போடாத வீட்டை நான் இன்னும் பாக்கலைம்மா" என்றார் அவர். அடுத்த வீட்டுக் கேட்டில் ஒரு கை வைத்துக்கொண்டே பாடம் எடுத்தார். "ஒவ்வொரு சாமான்லயும் எத்தனை வாட்டுன்னு எழுதியிருக்கும். அதை ஓடுற மணி நேரத்தால பெருக்குங்க, ஆயிரத்தால வகுங்க. அதான் யூனிட்டு. எல்லாத்தையும் கூட்டுங்க. சீட்டோட ஒத்துப்போச்சுன்னா உங்க வீடு திங்குதுன்னு அர்த்தம்."

"ஒத்துப்போகலைன்னா?"

"எல்லாத்தையும் அணைச்சுட்டு, மீட்டர்ல அந்தச் சிவப்பு லைட்டைப் பாருங்க. மூவாயிரத்து இருநூறு தடவை மினுக்குனா ஒரு யூனிட்டு, மேலயே போட்டிருக்கு. எல்லாம் அணைஞ்சுட்டா அது தூங்கணும். தூங்கலைன்னா ஒயர்மேனைக் கூப்பிடுங்க, என்னைக் கூப்பிடாதீங்க."

போய்விட்டார். தையல்காரி சீட்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அந்த வீட்டில் யாரும் வெறுங்காலோடு நடப்பதில்லை. குண்டூசி விழாத இடம் இல்லை. பெருக்கினாலும் காந்தம் வைத்துத் துழாவினாலும் ஒன்றிரண்டு எங்கேயாவது ஒளிந்திருந்து குதிகாலைப் பதம் பார்த்துவிடும். அதனால் கணவன், மனைவி இருவருக்கும் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை காலில் ரப்பர் செருப்பு. குளியலறைக்கென்று தனியாக ஒரு நீல ஜோடி. குளிக்கும்போதுகூடச் செருப்பைக் கழற்றாத ஜாதி என்று நாத்தனார் கேலி செய்வாள்.

நாத்தனார் வந்து எட்டு வாரம் ஆகிறது. அவள் கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன். அவன் திரும்பும்வரை அண்ணன் வீட்டில் இருக்கலாம் என்று பதின்மூன்று மாதக் குழந்தையோடு வந்தவள். குழந்தைக்கு வீட்டில் வைத்த பெயர் உருண்டை. பெயருக்கு ஏற்ற உடம்பு, அந்த உடம்புக்கு ஏற்காத வேகம். நடக்கக் கற்று ஒரு மாதம்கூட ஆகாத அந்தப் பொடியனுக்கு உலகத்தில் பிடித்தவை இரண்டே. ஒன்று தண்ணீர், இன்னொன்று அந்த நீலச் செருப்பு. படகு மாதிரி அதற்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு சர்க் சர்க்கென்று இழுத்துக்கொண்டு வீடு முழுக்க ஊர்வலம் வருவான். அன்று காலை அதில் ஒன்றைக் கொண்டுபோய்க் குடிதண்ணீர்க் குடத்துக்குள் போட்டுவிட்டான். தையல்காரிக்கு வந்ததே கோபம்! செருப்பைக் கழுவி, அவனுக்கு எட்டாதபடி பரண் மேல் தூக்கி வைத்தாள். அவன் தரையில் புரண்டு அழுதான். அவள் அசைந்து கொடுக்கவில்லை.

இப்போது அவன் விசிறிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தையல்காரி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெட்டு மேஜையில் கிடந்த துணியைச் சுருட்டி ஓரம் தள்ளிவிட்டு, குறிபோடும் சாக்கட்டியை எடுத்தாள்.

கணக்கு என்றால் அவளுக்குப் பயம் இல்லை. கம்பெனியில் அவள் கடைசி நான்கு வருடம் பார்த்தது வெட்டுப் பிரிவில். நூறு மீட்டர்ப் பீஸ் வந்தால், எத்தனை முதுகு, எத்தனை கை, எத்தனை காலர் என்று எழுதி, மிச்சத் துண்டையும் அளந்து சேர்த்தால் நூறு வந்தாக வேண்டும். அரை மீட்டர் குறைந்தால் அத்தனை பேரையும் நிற்க வைத்துத் தேடச் சொல்வார்கள். துணி ஆவியாகிப் போகாது, எங்கேயாவது இருந்தே தீரும் என்பது அவள் எலும்பில் ஊறிய பாடம். கரண்டையும் அப்படியே துணியாக நினைத்துக்கொண்டாள்.

விசிறி மூன்று, எழுபது வாட், பத்து மணி நேரம்: இரண்டு புள்ளி ஒன்று. தன் மெஷினுக்கு நேர்மையாகவே எழுதினாள், இருநூற்று ஐம்பது வாட், ஐந்து மணி நேரம்: ஒன்றேகால். அயர்ன் பாக்ஸ் முக்கால் மணி நேரம்: முக்கால். பிரிட்ஜுக்கு ஒட்டியிருந்த தாளைப் பார்த்து ஒன்று புள்ளி இரண்டு. குளியலறை ஹீட்டர் கால் மணி நேரம்: அரை. விளக்குகள் கால், டிவியும் போன் சார்ஜரும் சேர்த்து ஒரு கால். கூட்டினாள். ஒரு நாளைக்கு ஆறு புள்ளி மூன்று. சீட்டில் இருந்த நானூற்றுத் தொண்ணூற்றெட்டை அறுபது நாளால் வகுத்தாள். எட்டு புள்ளி மூன்று.

மீதி இரண்டு யூனிட். நாள் தவறாமல் இரண்டு.

மெஷின் ஓடுவதைவிட அதிகமாக ஒன்று இந்த வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது தன்னுடைய மெஷின் இல்லை என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது, நிம்மதி வந்த கையோடு மூக்கும் வேர்த்தது. போன சீட்டுக்கும் இந்தச் சீட்டுக்கும் நடுவில் வீட்டுக்குப் புதிதாக வந்தது எது? எட்டு வாரமாகக் கணக்கில் புதிதாக வந்தது இரண்டே உருப்படி. அவர்களுக்கான மூன்றாவது விசிறியையும் கணக்கில் சேர்த்தாகிவிட்டது. அப்புறமும் இரண்டு யூனிட் இடிக்கிறது என்றால்?

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதே" என்று ஆரம்பித்தாள். இப்படி ஆரம்பித்த பேச்சு எந்தக் குடும்பத்தில் நல்லபடியாக முடிந்திருக்கிறது? "நாங்க இல்லாத நேரத்துல ஹீட்டரைப் போட்டு வைக்கிறியா?"

நாத்தனார் மடித்துக்கொண்டிருந்த குட்டிச் சட்டையைக் கீழே வைத்தாள். "ஹீட்டரா? நான் வந்ததுலேர்ந்து பச்சைத் தண்ணியிலதான் குளிக்கிறேன் அண்ணி."

"குழந்தைக்கு?"

"அடுப்புல காய வைக்கிறேன். உங்களுக்குத் தெரியாதா? அந்த பாத்ரூம் குழாயை நான் வெறுங்கையால தொடறதே இல்லையே. அது கடிக்குதுன்னு வந்த மூணாம் நாளே சொன்னேனே. துண்டைச் சுத்திப் பிடிச்சுத்தானே திறக்கறேன்."

சொன்னாள்தான். தையல்காரிக்கு நினைவு வந்தது. குழாயைத் தொட்டால் விரலில் சுருக் சுருக்கென்று எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அண்ணனும் அண்ணியும் ஆளுக்கொரு தரம் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சிரித்தார்கள். மெத்தை குத்துகிறது, தண்ணீர் கரிக்கிறது, இப்போது குழாய் கடிக்கிறதா என்று அண்ணன் ஒரு வாரம் கேலி செய்தான்.

"நீ வந்த பிறகுதான் இவ்வளவு வந்திருக்கு. நான் இல்லாததையா சொல்றேன்?" என்று தையல்காரி சீட்டை எடுத்துக் காட்டினாள்.

நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. "எங்க அண்ணன் வீட்டுலதான் இருக்கேன், அண்ணி. திருட்டுத்தனமா கரண்டு எரிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை" என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். காய்ந்த துணியைத்தான் அவள் இவ்வளவு நேரம் மடித்துக்கொண்டிருந்தாள் என்பது இருவருக்கும் தெரியும்.

தையல்காரிக்கு உள்ளுக்குள் சுரீரென்றது. ஆனாலும் வீம்பு விடவில்லை. சரி, அந்த மனிதர் சொன்ன பரீட்சையையும் வைத்துப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினாள். ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தாள். பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாள், மெஷின் பிளக்கைப் பிடுங்கினாள், ஹீட்டர் அணைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். கடைசியாக உருண்டையின் தலைக்கு மேலே ஓடிய விசிறியையும் நிறுத்தினாள். இரண்டே நிமிஷம்தானே, முழித்துக்கொள்ள மாட்டான் என்று நினைத்தாள்.

வாசலில், மீட்டர்ப் பெட்டிக்கு முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிவப்பு விளக்கு இருட்டாக இருந்தது. தூங்குகிறது. அப்படியென்றால் நாத்தனார்தான். "பார்த்தியா" என்று மனசுக்குள் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு ஒரு தரம் மினுக்கியது.

கண் மயக்கம் என்று நினைத்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பதின்மூன்று எண்ணி முடித்துப் பதினான்குக்கு வாயைத் திறக்கும்போது மறுபடியும் மினுக்கியது. மறுபடி எண்ணினாள். அதே பதின்மூன்று, பதினான்கு. நாடி பிடித்த மாதிரி, தப்பாமல். நிமிஷத்துக்கு நாலரை தடவை. சீட்டின் முதுகில், கொண்டையில் செருகியிருந்த பென்சிலால் பெருக்கினாள். மணிக்கு இருநூற்று அறுபது, எழுபது. ஒரு நாளைக்கு ஆறாயிரத்து நானூறு சொச்சம். மூவாயிரத்து இருநூறால் வகுத்தாள்.

இரண்டு.

காணாமல் போன துணி கிடைத்துவிட்டது. வீட்டில் ஒரு சாமானும் ஓடவில்லை. அந்த இரண்டு யூனிட்டைத் தின்பது ஆள் இல்லை, சாமான் இல்லை. அப்படியானால் எது? பட்டப்பகலில், தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போகிற நேரத்தில், தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு தையல்காரி ஓசையடங்கிய வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் டிரிப்பர் ஞாபகம் வந்தது.

நாத்தனார் வருகிறாள் என்றதும், குழந்தைத் துணி காயப்போடக் கொடி வேண்டுமே என்று அவள் கணவன் குளியலறைச் சுவரில் ஓர் ஆணி அடித்தான். பெரிய ஆணி, கொக்கி வைத்தது. அதற்கு மறுநாளிலிருந்து உள்ளே இருக்கும் டிரிப்பர் விழ ஆரம்பித்தது. எங்கேயாவது கரண்டு கசிந்தால் தானாக விழுந்து மொத்த வீட்டையும் அணைத்துவிடும் பெட்டி அது. தூக்கிவிட்டால் நிற்கும், பத்து நிமிஷத்தில் டப்பென்று மறுபடி விழும். நாற்பது சீருடை மறுநாள் காலைக்குள் போயாக வேண்டும். பாதித் தையலில் ஊசி குத்தியபடி மெஷின் நின்றுபோகும். பதினைந்தாவது தடவை விழுந்தபோது ஒயர்மேனைக் கூப்பிட்டாள்.

"இது ஏன் விழுதுன்னு தேடணும்க்கா. அரை நாள் ஆகும்" என்றான் அவன்.

"தேடறதெல்லாம் அப்புறம் தேடலாம். இப்போதைக்கு இந்தச் சனியனைக் கழட்டிட்டு டைரக்டா குடுத்துடு."

"டைரக்டா குடுக்கறது நல்லதில்லக்கா."

"ஒரு நாள்தானேப்பா. நாளைக்கே வந்து சரி பண்ணு, நானே கூப்பிடறேன்."

கூப்பிடவில்லை. வேலை தலைக்கு மேல். டிரிப்பர் விழாமல் வீடு நிம்மதியாக இருந்தது. மெஷின் நிற்காமல் ஓடியது. அந்தக் கொக்கிப் பக்கத்துச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது, குழந்தைத் துணி அதில் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்தது. வெயில் படுகிற சுவர் என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். அதில் எந்தக் காலத்தில் வெயில் பட்டது?

குழாய் கடித்தது நாத்தனாரை மட்டும். வெறுங்காலோடு குளியலறைக்குள் போகிறவள் அவள் ஒருத்திதான். இவர்கள் இரண்டு பேரும் போய்த் தொட்டுப் பார்த்ததும் சிரித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு.

இதெல்லாம் அவள் மனசில் ஓட எத்தனை நேரம் ஆகியிருக்கும்? விளக்கு இரண்டு தரம் மினுக்கியிருக்கலாம். மூன்றாவது மினுக்கலுக்கு முன்னால், சத்தமே இல்லாத அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கெட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம். அதன் மேல் உருண்டையின் கெக்கெக் சிரிப்பு.

விசிறி நின்றதில் வியர்த்து எழுந்துவிட்டான். அவன் அம்மா மாடியில். செருப்பு பரண் மேல்.

தையல்காரி உள்பக்கம் திரும்பினாள். கால் உள்ளே ஓடத்தான் துடித்தது. வாசலிலிருந்து குளியலறைக்கு இருபது எட்டு. ஓடிப் போய்ப் பிடித்தால்? அவன் அதற்குள் குழாயைப் பிடித்திருந்தால்? ஓடத் திரும்பிய உடம்பை இழுத்து நிறுத்தி, மீட்டருக்குக் கீழே இருந்த மெயின் சுவிட்சின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. போன வருடம் சுண்ணாம்பு அடித்தவன் அதற்கும் சேர்த்து அடித்துவிட்டுப் போயிருந்தான். "உருண்டை! தொடாதே! தொடாதேடா!" என்று கத்திக்கொண்டே ஒரு காலைச் சுவரில் ஊன்றி, இரண்டு கையாலும் தொங்கினாள். உள்ளங்கை கிழிந்தது. டொக்கென்று கைப்பிடி கீழே வந்தது.

அப்புறம்தான் ஓடினாள்.

உருண்டை ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையும் குழாயின் மேல் இருந்தது. சிரிப்பு நின்றுபோயிருந்தது. அவளைப் பார்த்ததும் ஒரு கையை எடுத்துத் தன் உள்ளங்கையையே உற்றுப் பார்த்தான், உதடு பிதுங்கியது, பிறகு வீடே அதிரும்படி அலறினான். அவனை வாரி எடுத்தாள். விரல்களைப் பிரித்துப் பார்த்தாள், மார்பில் காதை வைத்துக் கேட்டாள், பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரண்டு அவனைத் தொட்டதா, அவள் கத்தலில் பயந்தானா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. கேட்டால் சொல்லும் வயசு அவனுக்கு வரும்போது அவனுக்கு இது நினைவிருக்காது.

நாத்தனார் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். "என்ன ஆச்சு அண்ணி? கையில ரத்தம்! குழந்தைக்கு என்ன ஆச்சு?"

தையல்காரிக்குக் குழந்தையைக் கொடுக்கக் கை வரவில்லை. நாத்தனார் பிடுங்கித்தான் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் கணவன் வந்துவிட்டான், ஒயர்மேனும் வந்தான். ஒரு நிமிஷம் மட்டும் மெயினைப் போட்டுவிட்டு ஒயர்மேன் டெஸ்டரைக் குழாயில் வைத்தான். டெஸ்டருக்குள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மெயினை அணைத்துவிட்டு ஆணியைப் பிடுங்கினான். நுனி கருகியிருந்தது. ஹீட்டர் சுவிட்சுக்குப் போகும் ஒயரின் மேல் தோலைச் சுவருக்குள்ளேயே கிழித்திருந்தது அது. சுவர் ஈரம் வழியாகக் கரண்டு இரும்புக் குழாய்வரை நடந்து வந்திருக்கிறது. சுவிட்சுக்கு முன்னாலேயே கிழிந்ததால், எதை அணைத்தாலும் அது அணையவில்லை.

"டிரிப்பர் இருந்தா முதல் நாளே காட்டிக் கொடுத்திருக்குமே. எவன்யா அதைக் கழட்டினது?" என்று கணவன் ஒயர்மேன்மேல் பாய்ந்தான். ஆணி அடித்தது தன் கை என்பதில் அவனுக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. யாரையாவது திட்டினால்தான் நிற்க முடியும் போலிருந்தது.

ஒயர்மேன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. தையல்காரி நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாம்.

"அவனைக் கேக்காதீங்க" என்றாள். "அவன் வேண்டாம்னுதான் சொன்னான். நான்தான் கழட்டச் சொன்னேன். தைக்க இடைஞ்சலா இருக்குன்னு சொன்னேன். திரும்பக் கூப்பிடவும் இல்லை."

நாத்தனார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள்.

"கடிக்குதுன்னு சொன்னேன், அண்ணி" என்றாள். "சிரிச்சீங்க."

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். மேஜையில் அவள் சாக்கட்டியால் எழுதிய கணக்கு அப்படியே இருந்தது. கடைசி வரியில் மீதி இரண்டு. அதைத்தான் அவள் காலையில் நாத்தனார் தலையில் எழுதப் பார்த்தாள். அந்த இரண்டு யூனிட் எட்டு வாரமாக, ராத்திரி பகல் பார்க்காமல், அந்தக் குழாயில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாருக்காக என்று நினைத்தபோது ஓடிப் போய் வாசலில் வாந்தி எடுத்தாள்.

அன்றே புது ஒயர் இழுத்தார்கள், டிரிப்பரைத் திரும்ப மாட்டினார்கள். கப்பல்காரன் மறு மாதம் வந்து மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போனான். நாத்தனார் போகும்போது நல்லபடியாகத்தான் சொல்லிக்கொண்டு போனாள். போனில் வாரம் ஒரு தரம் பேசுகிறாள், உருண்டையைக் கையசைக்கச் சொல்கிறாள். சீட்டும் வந்தது, முந்நூற்று எழுபத்திரண்டு யூனிட். கணவன் மெஷினைப் பார்க்கவில்லை. "நீ போட்ட கணக்குதான்டி எல்லாரையும் காப்பாத்துச்சு" என்றான். அவள் அதற்குச் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் முன்பு, பாதி முதுகுத் தையலில், டப்பென்று டிரிப்பர் விழுந்தது. அயர்ன் பாக்ஸ் ஒயரில் ஈரம் பட்டிருந்தது, அவ்வளவுதான். அது பிறகுதான் தெரிந்தது. மெஷின் நின்றதும் தையல்காரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, குண்டூசியையும் பார்க்காமல், செருப்பு கழன்று விழுந்ததையும் கவனிக்காமல், ஒரே ஓட்டமாகக் குளியலறைக்கு ஓடினாள். தரை காய்ந்து கிடந்தது. யாரும் இல்லை. குழந்தை ஊருக்குப் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது. குதிகாலில் ஊசி ஏறியிருந்தது அதற்கும் அப்புறம்தான் வலித்தது.

நீலச் செருப்பு ஜோடியாக, குழந்தைக்கு எட்டும்படி, தரையிலேயே கிடந்தது. அதை இன்னும் கொஞ்சம் வாசல் பக்கமாக நகர்த்தி வைத்தாள். டிரிப்பரைத் தூக்கிவிட அப்போதைக்கு அவளுக்குக் கை வரவில்லை.